ஒலிமாற்றிகளை நேர்மையாக ஒப்பிடுதல்: லண்டன் கேட்பாய்வுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

லண்டன் செயின்ட் பாங்க்ரஸில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலிக்காப்பகத்தில் தமிழ்க் குரல்களும் இருக்கின்றன. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வை ஒட்டி 1913 முதல் 1929 வரை பதிவான இசைத்தட்டுகளில் தமிழும் உண்டு. இசை ஆய்வாளர் ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸ் 1910–11இல் இந்தியாவில் பதிந்த மெழுகு உருளைகளும், பின்னாளில் லண்டன் கீழைத்தேய ஆய்வுப் பள்ளியில் கற்பித்த ஆர்னால்ட் பாகே 1930களில் திரட்டிய பதிவுகளும் அங்கேயே உள்ளன. இவை நிறுவனத்தின் பாதுகாப்பில் இருப்பவை. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பகுதித் தமிழ் வீடுகளில் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும் கேசட்டுகளுக்குப் பட்டியல்கூடக் கிடையாது. அரங்கேற்றம், கோயில் திருவிழா நாகஸ்வரம், ஊரிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கடிதம், பிபிசி தமிழோசையைச் சிற்றலை வானொலியிலிருந்து பிடித்த ஒலிநாடா என்று அவை பல வகை.

இவை எல்லாமே கணினிக்குள் போக ஒரு சிறிய பெட்டியைத் தாண்டியாக வேண்டும். மின்னழுத்தமாக வரும் ஒலியை எண்களாக்குவது ஏடிசி. அந்த எண்களை மீண்டும் ஒலியாக்குவது டேக். இரண்டையும் சேர்த்து இக்கட்டுரை ஒலிமாற்றி என்கிறது. எந்த மாற்றியை வாங்குவது என்பது காப்பக வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி. முப்பது பவுண்டுக்கும் ஒன்று கிடைக்கிறது, மூவாயிரம் பவுண்டுக்கும் ஒன்று கிடைக்கிறது. இரண்டையும் மாறி மாறிக் கேட்டுவிட்டு "இதில் குரல் உயிரோடு இருக்கிறது" என்று சொல்வதே பெரும்பாலும் ஒப்பீடாக நடக்கிறது. அப்படிக் கேட்டுச் சொன்ன தீர்ப்பு எந்தப் பக்கத்துக்கும் செல்லாது. செல்லக்கூடிய ஒப்பீட்டுக்கு என்னென்ன வேண்டும், அப்படி ஒப்பிட்டவர்கள் எதைக் கண்டார்கள், அந்த முடிவு கேசட்டோடு உட்கார்ந்திருப்பவருக்கு எதைச் சொல்கிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

2. லண்டன் பின்புலம்

ஒலியை எண்ணாக்கும் முறைக்கு 1938இல் பிரான்சில் காப்புரிமை கோரியவர் அலெக் ரீவ்ஸ். லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில்லில் பிறந்து, லண்டனில் பொறியியல் படித்தவர். அவருடைய முறை பரவலாக நடைமுறைக்கு வர டிரான்சிஸ்டர் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1972இல் பிபிசி தன் வானொலி நிகழ்ச்சிகளை ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு எண்வடிவில் அனுப்பத் தொடங்கியபோது, ஒவ்வொரு கண அளவீட்டுக்கும் (சாம்பிள்) 13 பிட், வினாடிக்கு 32,000 சாம்பிள் என்ற அளவைக் கையாண்டது. இன்று எந்த மலிவான மாற்றியும் இதைவிட நுட்பமானது.

ஒப்பிடும் முறைக்கு வேறொரு மூலம் உண்டு, அது ஒரு தேநீர்க் கோப்பை. லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற ஆய்வாளர், பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்றார். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதைச் சோதனையாக வடிவமைத்தார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது 1935இல் வெளியிட்ட நூலில் அதை விளக்கினார். எட்டுக் கோப்பை, ஒவ்வொரு வகையிலும் நான்கு, தற்செயலான வரிசை. குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. சுவைப்பவரைப் பொய்யர் என்றும் சொல்லாமல், அவர் வாக்கை அப்படியே நம்பவும் செய்யாமல், நிரூபிக்க ஓர் இடம் கொடுக்கிறது இந்த வடிவம். ஒலிச் சோதனையின் அறமும் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

1978இல் ஜேம்ஸ் மொயர் குவாட் நிறுவனத்தின் மூன்று ஆம்ப்ளிஃபையர்களை, வால்வு வகை ஒன்று, டிரான்சிஸ்டர் வகை இரண்டு, பெயர் தெரியாதபடி மறைத்துக் கேட்கவைத்து, முடிவை வயர்லெஸ் வேர்ல்டு இதழில் எழுதினார். கேட்டவர் குழுவால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. அந்த முடிவைச் சுற்றி எழுந்த சண்டை இன்றும் மாற்றிகளின் பெயரில் தொடர்கிறது.

3. ஒலி அளவைச் சமன்செய்தல்

ஒப்பீடுகள் பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகின்றன. அதனால் இதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டு உபயோக டேக் ஒன்றின் முழு அளவு வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். மற்றொரு தயாரிப்பாளர் அதை 2.2 வோல்ட்டாக வைத்திருப்பார். வித்தியாசம் 0.8 டெசிபல்தான். இந்த 0.8 டெசிபலை யாரும் "சத்தம் கூட" என்று சொல்வதில்லை. வீணையின் கமகம் தெளிவாக விழுகிறது, பாடகர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார், சுருதி நிறைந்து நிற்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சற்றுக் கூடிய சத்தத்தைக் காது தரமாகவே உணர்கிறது. ஸ்டூடியோ மாற்றிகளில் இடைவெளி இன்னும் பெரிது. ஐரோப்பிய ஒலிபரப்பு மரபில் முழு அளவு 6 வோல்ட்டுக்குச் சற்று மேல். அப்படிப்பட்ட கருவியையும் வீட்டுக் கருவியையும் அப்படியே மாற்றி மாற்றி இணைத்தால் கிட்டத்தட்ட 10 டெசிபல் வேறுபாட்டை ஒப்பிடுகிறோமே தவிர, மாற்றியை ஒப்பிடவில்லை.

சமன்செய்யக் காது உதவாது, மீட்டர் வேண்டும். 400 ஹெர்ட்ஸ் தொனியைக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டர்கள் உயர் அதிர்வெண்ணில் மின்னழுத்தத்தைத் தவறாகக் காட்டும், 400 ஹெர்ட்ஸில் நம்பலாம். முதல் மாற்றியை இணைத்து, ஹெட்போனோ ஸ்பீக்கரோ சேரும் முனையில் மீட்டரை வைத்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதை இணைத்து அதே எண் வரும்வரை அளவைத் திருத்த வேண்டும். முதலாவது 1.000 வோல்ட் காட்டினால் இரண்டாவது 0.989க்கும் 1.012க்கும் இடையில் நிற்க வேண்டும். 0.1 டெசிபல் என்பது இவ்வளவுதான். இடம், வலம் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும், ஏனெனில் ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்த மாற்றி ஒலிமேடையையே ஒரு பக்கம் நகர்த்திவிடும்.

மாற்றியில் உள்ள ஹெட்போன் முனையை நேரடியாக ஒப்பிடுவதும் தவறு. அதன் உள்மின்தடை ஒவ்வொரு கருவியிலும் வேறு, சில ஹெட்போன்களில் அது தாழ்ந்த சுரங்களின் அளவையே மாற்றும். லைன் வெளியீட்டை எடுத்து இரண்டுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையரைக் கொடுப்பதே முறை. மடிக்கணினியின் சார்ஜர் வழியாக வரும் இரைச்சலையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். யுஎஸ்பி மாற்றிகளில் "ஒன்று மங்கல், ஒன்று சுத்தம்" என்று கேட்கும் வேறுபாட்டுக்குச் சில நேரம் மின்சுற்று இணைப்பே காரணம்.

4. மறைப்பு

4.1. கேட்பவருக்கு எது ஒலிக்கிறது என்று தெரியக்கூடாது. சோதனையை நடத்துபவருக்கும் தெரியக்கூடாது. நாற்காலியை நகர்த்துவது, பெருமூச்சு விடுவது, "இப்ப கேளுங்க" என்று சொல்லும் தொனி, எல்லாமே துப்பாகும். நாணயம் சுண்டி வரிசையை எழுதியவர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். மனதில் தோன்றிய வரிசையை எழுதினால் அது தற்செயலாக அமையாது, ஒரே மாற்றி நான்கு முறை தொடர்ந்து வர மனிதக் கை தயங்கும்.

4.2. 1950இல் பெல் ஆய்வகத்தில் மன்சனும் கார்ட்னரும் வகுத்த ஏ-பி-எக்ஸ் முறை இதற்குப் போதுமானது. ஏ, பி இரண்டையும் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். எக்ஸ் இவற்றில் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது நல்லது என்ற கேள்வி பிறகு வரட்டும், முதலில் வேறுபாடு உண்டா என்று தெரிந்துகொள்வோம்.

4.3. மாற்றும் கணம் கவனிக்கப்படாத பொறி. இரண்டு மாற்றிகளின் தாமதம் ஒன்றாக இருக்காது. ஒன்று 30 மில்லிவினாடி பின்தங்கினால், மாற்றும்போது மிருதங்கத்தின் ஒரு சொல் இடறி விழும். கூர்ந்த கேட்பவர் அந்த இடறலை வைத்தே எல்லா விடையும் சரியாகச் சொல்லிவிடுவார், ஒலித்தரத்தைப் பற்றி ஒன்றும் அறியாமலே. மாற்றுவதற்கு இடையே சிறு மௌனம் வைப்பது, அல்லது இரண்டையும் பதிந்து கோப்பாக்கி நேரத்தில் ஒத்திசைத்துவிடுவது இதற்குத் தீர்வு. இந்தக் கோப்பு முறைக்கு லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட இலவசக் கேட்புச் சோதனைக் கருவி உதவும், உலாவியிலேயே இயங்கும்.

5. ஏடிசியை ஒப்பிடுவதில் தனிச் சிக்கல்

டேக்குகளை ஒப்பிட ஒரே கோப்பைக் கொடுத்தால் போதும். ஏடிசிக்கு மூலமே நிலையற்றது. ஒரே கேசட்டை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு ஒலி வரும், நாடா ஒவ்வொரு முறையும் சற்று வேறு சாய்வில் தலையைத் தொடும். மெழுகு உருளை ஒவ்வொரு முறையும் தேயும், அதைச் சோதனைக்காக இரண்டாம் முறை ஓட்டுவது குற்றத்துக்குச் சமம். ஆகவே ஒரே ஓட்டத்தின் வெளியீட்டைப் பிரித்து இரண்டு ஏடிசிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். பிரிக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றின் அளவை இழுக்காமல் பார்த்துக்கொண்டு, கிடைத்த இரண்டு கோப்புகளையும் அளவு சமன்செய்து, ஒரே டேக் வழியாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு வழி, நல்ல எண்வடிவக் கோப்பு ஒன்றை டேக் வழியே வெளியே விட்டு ஏடிசி வழியே திரும்ப எடுத்து, முதல் கோப்போடு ஒப்பிடுவது. ஒரு சுற்றில் எதுவும் கேட்காவிட்டால் திரும்பத் திரும்பப் பத்துச் சுற்று விடலாம். பிழை சேர்ந்து சேர்ந்து பெரிதாகும்போது அது எப்படிப்பட்ட பிழை என்று காது கற்றுக்கொள்ளும். ஒரு சுற்றில் அதைத் தேடுவதற்கு அந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

6. எதைக் கேட்பது

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1988இல் வெளியிட்ட சோதனைத் தட்டில் காஸ்டநெட், குளோகன்ஸ்பீல், ஹார்ப்சிகார்ட், ஐரோப்பிய மொழிப் பேச்சு ஆகியவை உள்ளன. அவை ஒவ்வொன்றும் கருவியின் ஒரு பலவீனத்தைத் தோண்டி எடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நம் இசைக்கு அப்படியொரு தொகுப்பு அமைவது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான பொருள் நம்மிடம் வளமாகவே இருக்கிறது.

தம்புராவை எடுத்துக்கொள்வோம். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஜீவாளி நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் தந்தி குதிரையை மெல்ல உரசி, மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். சில வினாடிகளில் அந்த அடுக்கு மெல்லக் கரைந்து அடங்கும். தாழ்ந்த பிட் அளவில் பதிந்தால் அந்தக் கரையும் வால்பகுதிதான் முதலில் சொரசொரப்பாகும். மாற்றியின் அடிநிலை இரைச்சலைச் சோதிக்க இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. ஜால்ராவின் ஒலி கேட்கும் எல்லையின் மேல்விளிம்புக்கு ஏறுவதால் ஃபில்டரைச் சோதிக்கும். தவிலின் வலந்தலை அடி திடீரென்று எழும் உச்சத்தைக் கொடுக்கும், அதை முழு அளவுக்கு நெருக்கமாகப் பதிந்தால் சில டேக்குகள் சாம்பிள்களுக்கு இடையில் எழும் உச்சத்தை வெட்டிவிடும். இவற்றைப் பதிய லண்டனை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஆர்ச்வேயில் ஹைகேட் முருகன் கோயில் இருக்கிறது, கர்நாடக இசையும் மிருதங்கமும் கற்பிக்கும் பாரதிய வித்யா பவன் மேற்கு கென்சிங்டனில் இருக்கிறது.

துண்டு சிறிதாக இருக்க வேண்டும். ஓர் ஆலாபனையை முழுதாகக் கேட்டுவிட்டு மறுபடி முழுதாகக் கேட்டால் ஒலியின் நுண்தன்மை நினைவில் நிற்காது, ராகம்தான் நிற்கும்.

7. எத்தனை சரியானால் போதும்

7.1. பதினாறு முறை கேட்டுப் பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் அது குருட்டு வாய்ப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு 3.8 விழுக்காடு. அதனால் பன்னிரண்டு என்பது வழக்கமான எல்லை. ஆனால் இருபது பேர் ஆளுக்குப் பதினாறு முறை கேட்டால், யாருக்குமே எதுவும் கேட்காவிட்டாலும், அவர்களில் ஒருவராவது பன்னிரண்டைத் தொடும் வாய்ப்பு பாதிக்கு மேல், 54 விழுக்காடு. அந்த ஒருவரை "தங்கக் காது" என்று கொண்டாடுவதற்கு முன் அவரை மட்டும் மறுபடி சோதிக்க வேண்டும்.

7.2. மறுபக்கம் இதைவிட முக்கியம், அதிகம் பேசப்படாததும்கூட. ஒருவர் உண்மையிலேயே 60 விழுக்காடு முறை வேறுபாட்டைக் கேட்கக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு முறைச் சோதனையில் அவர் பன்னிரண்டைத் தொடும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்றுதான். ஆறில் ஐந்து முறை "உமக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடுவோம். சிறிய சோதனையில் வேறுபாடு தெரியாமல் போனதை, வேறுபாடே இல்லை என்று அறிவிப்பவரும் நேர்மை தவறியவரே.

7.3. இதற்குக் காப்பு, தெரிந்தே கெடுத்த ஒரு மாதிரியை இடையில் கலப்பது. 12 பிட்டாகக் குறைத்த தம்புரா, அல்லது 0.5 டெசிபல் உயர்த்திய துண்டு. அதையும் யாரும் பிடிக்கவில்லை என்றால் அறையோ ஹெட்போனோ கேட்பவரின் களைப்போ தடையாக இருக்கிறது, மாற்றியைப் பற்றி அந்தச் சோதனைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

8. கண்டறிந்தவை

2007இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் மேயரும் மொரானும் சிடியைவிட உயர்ந்த தரத்தில் வெளியான தட்டுகளின் ஒலியை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மாற்றி ஒன்றின் வழியாக ஒரு சுற்று விட்டு, நேரடி ஒலியோடு ஒப்பிட்டார்கள். அளவு 0.1 டெசிபலுக்குள் சமன்செய்யப்பட்டிருந்தது. 554 முறைகளில் 276 சரி. பாதிக்கும் குறைவு. சத்தத்தை வழக்கத்துக்கு மிக மேலே ஏற்றி இசை இல்லாத இடத்தைக் கேட்டபோது மட்டும் இரைச்சல் வேறுபட்டது. பயன்பட்ட தட்டுகள் சிலவற்றின் மூலப்பதிவே உயர்தரமானதா என்ற ஐயம் பிறகு எழுந்தது, அது நியாயமான ஐயம்தான்.

மைல் எண்டில் உள்ள குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 2016இல் இத்தகைய 18 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பகுத்தார். 400க்கு மேற்பட்ட கேட்பவர்கள், 12,500க்கு மேற்பட்ட முறைகள். மொத்தத்தில் சரியான விடை 52.3 விழுக்காடு. வாய்ப்பை விடச் சிறிதே மேல், ஆனால் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. முறையாகப் பயிற்சி பெற்றவர்களிடம் அது 60 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. சிறு தரவடிவ வேறுபாடுகள் கேட்கும் என்போர் இதை வெற்றியாகவும், கேட்காது என்போர் இதைத் தங்கள் சான்றாகவும் காட்டுகிறார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது அதன் பருமனை. வேறுபாடு உண்டென்றால் அது இவ்வளவு மெல்லியது. அதைக் கேட்கப் பயிற்சி வேண்டும். சாதாரணக் கேட்டலில் பளிச்சென்று தெரியும் வேறுபாட்டுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

அந்த வேறு காரணத்தைப் பல நேரங்களில் கண்டுபிடிக்கவும் முடியும். ஃபில்டர் இல்லாமல் விற்கப்படும் ஒரு வகை டேக் 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபலுக்கு மேல் தாழ்ந்துவிடும். இளம் காதுக்கு ஜால்ரா மங்குவது தெரியலாம். அதில் மர்மம் ஒன்றும் இல்லை, அளவீடே காட்டிவிடும்.

9. கேசட்டுக்கு இதன் பொருள்

ஒலிக்காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றும், 96 கிலோஹெர்ட்ஸ் விரும்பத்தக்கது என்றும் பரிந்துரைக்கிறது. கீறல் சத்தங்களின் உயர் அதிர்வெண் வடிவம் முழுதாகப் பதிந்தால் பிற்காலத்தில் அவற்றை நீக்குவது எளிது, எதிர்பாராத உச்சங்களுக்கும் இடம் இருக்கும். இது நல்ல பரிந்துரை, இன்று மலிவான மாற்றிகள் பலவும் இதை நிறைவேற்றும். ஆனால் கேசட்டில் இருப்பது அதைவிடக் குறைவு. சிற்றலை வானொலி ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கொண்டுவருவதில்லை. அதைப் பிடித்த கேசட்டின் சொந்த இரைச்சல், ஒலியிலிருந்து 50, 60 டெசிபல் கீழேயே நிற்கும். 16 பிட்டின் கொள்கையளவிலான எல்லையே 98 டெசிபல்.

ஆகவே இழப்பு நடக்கும் இடம் மாற்றிக்கு முன்னால். கேசட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை அந்த நாடாவில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரோமீட்டர். மோனோ பதிவின் தடம் 1.5 மில்லிமீட்டர் அகலம். படிக்கும் தலை பதிந்த தலையோடு ஒப்பிடும்போது ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்திருந்தால் போதும், தடத்தின் இரு ஓரங்களுக்கும் இடையே அரை அலைக்கு மேல் விலகல் வந்து, 10 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 5 டெசிபல் போய்விடும். முப்பது பவுண்டு மாற்றிக்கும் மூவாயிரம் பவுண்டு மாற்றிக்கும் இடையே அந்த அதிர்வெண்ணில் இதில் சிறு பங்குகூட வேறுபாடு இருக்காது. இப்படிப் போன 5 டெசிபலை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

ஆகவே பணமும் பொறுமையும் செல்ல வேண்டிய வரிசை தெளிவாகிறது. முதலில் நல்ல நிலையில் உள்ள ஒரு கேசட் டெக், சுத்தம் செய்த தலை, புதிய ரப்பர் பெல்ட். பிறகு ஒவ்வொரு கேசட்டுக்கும் தலையின் சாய்வைத் தனியாகத் திருத்துவது. இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவில் கேட்டுக்கொண்டே, தலையின் ஓரத்தில் உள்ள சிறு திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். "ச", "ஷ" ஒலிகளும் ஜால்ராவும் கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதன்பின் அளவீட்டில் தேறிய, இரைச்சல் குறைந்த எந்த மாற்றியும் போதும். கோப்போடு எந்த டெக், எந்த மாற்றி, என்ன உள்ளீட்டு அளவு, திருகு எப்போது திருப்பப்பட்டது என்ற குறிப்பையும் சேர்த்து வைக்க வேண்டும். பிறகு யாராவது அதே கேசட்டை இன்னும் நல்ல கருவியில் ஓட்டி ஒப்பிட விரும்பினால், மேலே சொன்ன முறையில் சோதிக்க அவருக்கு அது வேண்டியிருக்கும்.